கொஞ்சம் அகலமான பாதத்துக்கு டென்னிஸ் ஷூ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது ஷூ வாங்கிய மூன்றாவது வாரத்தில் என் வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. எதிலும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை. நகத்தை அழுத்தினால் உயிர் போகிற வலி. காரணம் புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

கடையில் நடந்தது இதுதான். யூகே 8 போட்டுப் பார்த்தேன், சுண்டுவிரல் பக்கம் இறுக்கியது. "ஒரு சைஸ் ஏத்திக்குங்கண்ணா, சரியா இருக்கும்" என்று கடைத் தம்பி 9-ஐ எடுத்துக் கொடுத்தார். போட்டதும் சுகமாக இருந்தது. உட்கார்ந்தபடி விரல்களை ஆட்டிப் பார்த்தேன், நாலு அடி நடந்தேன், பணம் கட்டிவிட்டேன். கோர்ட்டில் இறங்கியதும் கதை மாறியது. நெட் பக்கம் விழுந்த பந்தை எடுக்க ஓடிப்போய்ச் சட்டென்று நிற்கும்போது ஷூ நின்றுவிடும், உள்ளே கால் மட்டும் முன்னால் சறுக்கும். ஒவ்வொரு முறையும் நகம் போய் முட்டும். ஒரு மணி நேர ஆட்டத்தில் இப்படி எத்தனை முறை நிற்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டுவதற்கு அது போதும். இதற்கு 'டென்னிஸ் டோ' என்றே பெயர் இருக்கிறது.

அகலம் போதாததற்கு நீளத்தைக் கூட்டுவதுதான் நம் ஊரில் எல்லோரும் செய்கிற முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூகே கணக்கில் ஒரு முழு சைஸ் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சைஸ் ஒன்று ஏறினால் நீளம் அவ்வளவு கூடும். ஆனால் பாதம் பதிகிற இடத்தின் அகலம் வழக்கமாகச் சுமார் 2 மில்லிமீட்டர்தான் கூடும். நமக்குத் தேவைப்பட்ட 2, 3 மில்லிமீட்டர் அகலத்துக்காக எட்டு மில்லிமீட்டர் நீளத்தைச் சேர்த்து வாங்கிவிடுகிறோம். அதோடு போகாது. விரல்கள் தொடங்குகிற மூட்டில் கால் மடிகிறது, ஷூவும் அதே இடத்தில் மடிய வேண்டும். நீளமான ஷூவில் மடிப்பு முன்னால் தள்ளிப்போய்விடும். குதிகாலும் லூசாகிவிடும். அதைச் சரிக்கட்ட லேஸை இறுக்குவோம், மேல்பாதம் வலிக்கும். கடைசியில் முன்னால் இடிக்கிறது, பின்னால் கழல்கிறது, நடுவில் நெரிக்கிறது.

இது உங்கள் கால் செய்த குற்றம் இல்லை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலமானது என்று அதில் தெரிந்தது. அதை வைத்து, பாரத் என்பதைக் குறிக்கும் 'பா' (Bha) என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவு முறையையும் பரிந்துரைத்தார்கள். அகலம் போதாமல் பெரிய சைஸ் வாங்குவதும், லூசாக இருக்கிறதே என்று லேஸை இழுத்துக் கட்டுவதும் இங்கே பரவலான பழக்கம் என்பதும் அப்போது பேசப்பட்டது. செய்தியைப் படித்தபோது என் வலது காலைத்தான் பார்த்துக்கொண்டேன்.

சரி, அப்போது என்ன கேட்டு வாங்குவது? ஷூவுக்கு நீளத்துக்கு ஒரு எண் இருப்பதுபோல அகலத்துக்கு ஓர் எழுத்து உண்டு. அமெரிக்க முறையில் ஆண்களுக்கு டி (D) என்பது சாதாரண அகலம், 2ஈ (2E) அகலம், 4ஈ (4E) மிக அகலம். பெண்களுக்கு பி (B) சாதாரணம், டி அகலம், 2ஈ மிக அகலம். பெட்டியின் பக்கவாட்டு லேபிளிலோ ஷூ நாக்கின் உட்புறத்திலோ இதைப் போட்டிருப்பார்கள். எதுவுமே போடவில்லை என்றால் சாதாரண அகலம் என்று எடுத்துக்கொள்ளலாம். நியூ பேலன்ஸ் தன் டென்னிஸ் ஷூக்கள் பலவற்றை 2ஈ அகலத்திலும் தருகிறது. ஆசிக்ஸும் சில மாடல்களை அகல வடிவில் செய்கிறது. நம் ஊர்க் கடை ரேக்குகளில் பெரும்பாலும் சாதாரண அகலம்தான் இருக்கும். அதனால் "2ஈ இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் யாரும் உள்ளே போய்த் தேட மாட்டார்கள்.

பெண்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பெண்கள் ஷூவில் அகலமான ரகம் கிடைக்கவில்லை என்றால் அதே நீளத்தில் ஆண்கள் ஷூவைப் போட்டுப் பார்க்கலாம். ஆண்களின் சாதாரண டி அகலமே பெண்களின் அகல ரகத்துக்குக் கிட்டத்தட்ட ஈடு. குதிகால் பக்கமும் சேர்ந்து அகலமாக இருக்கும் என்பதால் பின்புறம் கழல்கிறதா என்று கவனமாகப் பாருங்கள். எண்ணை வைத்து ஒப்பிட வேண்டாம், அமெரிக்க எண்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு. லேபிளில் உள்ள சென்டிமீட்டர் அளவைப் பாருங்கள்.

இறுக்கமா இல்லையா என்று போட்டுப் பார்த்து உணர்வதை மட்டும் நம்புவது அடுத்த தவறு. ஷூவைப் போடும் முன்பே உள்ளே பாதம் பதிகிற தட்டையான மெத்தையை, அதாவது இன்சோலை, வெளியே உருவுங்கள், பெரும்பாலான ஷூக்களில் அது சுலபமாகக் கழன்று வரும். அதைத் தரையில் வைத்து, சாக்ஸோடு அதன் மேல் ஏறி நில்லுங்கள். முழு எடையும் அந்தக் காலில் இருக்கட்டும். குதிகாலை இன்சோலின் பின்விளிம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு மேலிருந்து பாருங்கள். சுண்டுவிரலுக்குக் கீழே பாதத்தின் சதை இன்சோல் விளிம்பைத் தாண்டி வழிகிறதா? இரண்டு மில்லிமீட்டர் வழிந்தால்கூட அந்த ஷூ உங்களுக்கு ஒடுக்கம்தான், போட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை. விளிம்புக்குள் அடங்குகிறது, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைக்கட்டைவிரல் அகலத்துக்கு இடமும் இருக்கிறது என்றால் அப்போது ஷூவுக்குள் காலை விடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் இறுக்கம் தெரியவே தெரியாது. ஆட்டம் முடிந்து சாக்ஸைக் கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும், அந்தக் கொப்புளம் ஆறவும் நாளாகும். கண்ணால் பார்த்து எடுக்கிற முடிவுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

"புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும், போடப் போடச் சரியாகிடும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தோல் செருப்புக்கு அது உண்மை, தோல் நெகிழ்ந்து காலுக்கு ஏற்ப இளகும். இன்றைய டென்னிஸ் ஷூவின் மேல்பாகம் பெரும்பாலும் வலைத்துணியும், அதன் மேல் உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் படலமும்தான். பக்கவாட்டில் ஓடும்போது கால் வெளியே சரியாமல் பிடிப்பதற்காக, நெகிழாதபடிதான் அதைச் செய்கிறார்கள். முதல் நாள் சுண்டுவிரலை நெரிக்கிற ஷூ ஆறு மாதம் கழித்தும் நெரிக்கும், அல்லது அந்த இடத்தில் கிழியும். குதிகால் பட்டை ஒன்றிரண்டு ஆட்டத்தில் இளகிக்கொடுக்கும் என்பது சரி. அகலம் அப்படி அதிகரிக்காது.

இனி எடை விஷயம். லைட்டாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம், நியாயமான ஆசைதான். ஆனால் டென்னிஸில் லைட் என்றால் எவ்வளவு என்று தெரியாமல் போனால் கை நேராக ரன்னிங் ஷூ பக்கம் போய்விடும். ஆண்கள் யூகே 8 அளவில் ஒரு ஷூ 300 முதல் 340 கிராம் வரை இருந்தால் டென்னிஸில் அது லைட் ரகம். 400-ஐ நெருங்கினால் கனமான, நீடித்து உழைக்கிற ரகம். ரன்னிங் ஷூ 250 கிராமுக்கே கிடைக்கும். கையில் தூக்கிப் பார்க்கும்போது மனம் மயங்கத்தான் செய்யும், ஆனால் அதை டென்னிஸுக்கு எடுத்துவிடாதீர்கள். ஓட்டம் என்பது நேர்கோட்டில் முன்னால் போவது. அதற்காக உயரமான, மெத்தென்ற சோல் வைத்திருப்பார்கள். டென்னிஸில் பாதி ஓட்டம் பக்கவாட்டில்தான். வலது மூலைக்கு ஓடிக் காலை ஊன்றித் திரும்பும்போது அந்த மெத்தை ஒரு பக்கமாக அமுங்கும், கணுக்கால் பிசகும். அகலமான பாதத்துக்கு ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் பாதத்தின் வெளிவிளிம்பு ஏற்கெனவே சோலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்.

நம் ஊரில் இதைவிடச் சாதாரணமாகப் பார்க்கிற தவறு, பேட்மிண்டன் ஷூவோடு டென்னிஸ் கோர்ட்டில் இறங்குவது. அது லைட்டாக இருக்கிறது, அகல ரகமும் சுலபமாகக் கிடைக்கிறது, கையிலும் ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கிறது. ஆனால் அதன் சோல் மரத்தரைக்கும் சிந்தடிக் விரிப்புக்குமான மெல்லிய, பிசுபிசுப்பான ரப்பர். சிமென்ட் மேல் பெயின்ட் அடித்த ஹார்டு கோர்ட்டில் அது உப்புத்தாளில் தேய்த்த அழிரப்பர்போலத் தேயும். பிடிப்பு அதிகமாகி, சறுக்க வேண்டிய இடத்தில் கால் சட்டென்று மாட்டிக்கொள்ளவும் செய்யும். முட்டிக்கு நல்லதல்ல.

எடை குறைந்தால் எங்கிருந்தோ எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முன்நுனியில் தடித்த ரப்பர், நடுப்பாதத்தில் வளையாமல் தாங்குகிற தகடு, அடிச்சோலின் கனம், இந்த மூன்றில்தான் பெரும்பாலும் கை வைப்பார்கள். வாங்கும் முன் ஷூவை இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டால் வேண்டாம். முன்நுனியைக் குதிகாலை நோக்கி மடக்குங்கள், விரல் மூட்டுப் பக்கம்தான் மடிய வேண்டும், நட்டநடுவில் மடிந்தால் அதுவும் வேண்டாம். சில நிறுவனங்கள் சில மாடல்களின் அடிச்சோலுக்கு 6 மாத உத்தரவாதம் தருகின்றன, லைட் ரகங்களுக்கு அது பெரும்பாலும் கிடையாது. வாரம் இரண்டு நாள் ஆடுகிறவருக்கு லைட் ரகம் தாராளமாகப் போதும். தினமும் ஹார்டு கோர்ட்டில் ஆடுகிறவர் கொஞ்சம் கனத்தை ஏற்றுக்கொள்வதே லாபம். என் அனுபவத்தில், காலோடு ஒட்டி நிற்கிற 360 கிராம் ஷூ, உள்ளே ஆடுகிற 320 கிராம் ஷூவைவிட லைட்டாகத் தெரிகிறது. காலோடு சேர்ந்து வராத ஷூவை ஒவ்வொரு அடிக்கும் நாம்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

கடைக்குப் போகிற நேரமும் முக்கியம். காலையில் பாதம் சற்றுச் சுருங்கியிருக்கும், சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும், ஆட்டத்தின் சூட்டில் இன்னும் கொஞ்சம் கூடும். அதனால் சாயங்காலம் போங்கள். ஆடும்போது போடுகிற அதே சாக்ஸை எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் கொடுக்கிற மெல்லிய சாக்ஸில் சரியாக இருக்கிற ஷூ, உங்கள் தடித்த சாக்ஸில் நெரிக்கும். இரண்டு காலிலும் போடுங்கள், பெரும்பாலானோருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் சைஸ் பார்க்க வேண்டும். அப்புறம் வெறுமனே நடக்காதீர்கள். பக்கவாட்டில் நாலு தாவல், நின்ற இடத்தில் சட்டென்று ஒரு நிறுத்தம். கடையில் நாலு பேர் பார்ப்பார்கள்தான், பரவாயில்லை, பணம் உங்களுடையது. ஆன்லைனில் வாங்கினால் வீட்டுக்குள் பாய் விரித்து அதன் மேல் போட்டுப் பாருங்கள். சோலில் மண் பட்டால் திருப்பி அனுப்ப முடியாது.

முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி என்கிற அமைப்பும் நிறையப் பேருக்கு உண்டு. அவர்கள் அகல ரகம் வாங்கினால் பின்னால் கழலும். இதற்காக ஷூவை மாற்ற அவசரப்பட வேண்டாம், லேஸை வைத்தே சரிசெய்யலாம். மேலே கணுக்கால் ஓரத்தில் கூடுதலாக ஓர் ஓட்டை இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸின் நுனியை அதே பக்கத்து மேல் ஓட்டைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் செய்யுங்கள். மறுபக்கமும் அப்படியே. இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும் விட்டுக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பூட்டுப் போட்டதுபோல் நிற்கும். முன்பக்கம் எங்கே எலும்பு துருத்திக்கொண்டு அழுத்துகிறதோ, அந்த வரிசையில் மட்டும் குறுக்கே போகாமல் லேஸை நேராக மேலே ஏற்றிவிடுங்கள். அந்த இடம் இளகிவிடும்.

வாங்கிய பிறகும் இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். அரை மணி நேரம் ஆடியதும் விரல்கள் மரத்துப்போனால், சுண்டுவிரலோரம் காலாணி தடித்தால், ஷூவின் மேல்துணி சோலின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கி நின்றால், அகலம் போதவில்லை. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், நடைக்கு வைத்துக்கொண்டு வேறு பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு மனசு கேட்காது. பயிற்சிக்கு வருகிற சின்னப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் எப்போதும் ஷூவுக்குள் நீந்திக்கொண்டிருப்பார். "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெருசா இருக்கட்டும்" என்று வாங்கியிருப்பார்கள். விலையைப் பார்த்தால் பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை பந்தை நோக்கிப் பாயாமல் ஷூ கழலாமல் ஓடத்தான் பழகுகிறது. முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டால் அதிலேயே வளர்ச்சிக்குச் சில மாதம் அடங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையை ஒரு வெள்ளைத்தாள் மேல் நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்துத் தேதி போட்டு வையுங்கள். அடுத்த ஷூ வாங்கப் போகும்போது பழைய ஷூவின் எண்ணை விட்டுவிட்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.