பழைய வண்டியைக் கொடுத்துப் புதிய பட்டா லொறி எடுப்போருக்கு

பழைய வண்டியை மாற்றிப் புதிய பட்டா ரகச் சிறிய சரக்கு வாகனம் எடுக்கப் போகிறவர்கள், மாற்றுவதற்கு ஒரு வண்டி இருப்பதை விற்பனையாளரிடம் முதலில் சொல்லாமல், புதியதன் முழு விலையை எழுத்தில் வாங்கிய பின்னரே பழையதற்கு விலை கேட்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், அவர் பழைய வண்டிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கூட்டித் தருவதாகக் காட்டிவிட்டு, புதியதற்குத் தரவேண்டிய விலைக்கழிவை அதே அளவு குறைத்துவிடலாம். நாம் கட்டும் மீதித் தொகையில் மாற்றமே இராது. இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டுவிட்டதால், தடைக்காலத்தில் கேள்விப்பட்ட விலையை நம்பியிராமல், வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பழைய வாகனம் வாங்குவோர் இருவரிடமாவது முன்கூட்டியே காட்டி விலை கேட்டுக்கொள்வது நல்லது. (நெல் மூட்டை ஏற்றிய வண்டியென்றால் அவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது பெட்டியின் அடித்தகட்டில் துருப்பிடித்திருக்கிறதா என்பதைத்தான்.) லீசிங் முடியாத வண்டிக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது, பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனத்தின் உரித்து இருக்கும்வரை அதன் சம்மதமின்றி வண்டியைப் பெயர் மாற்ற முடியாதென்பதால், மீதிக் கடனை யார் தீர்ப்பது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லித்தான் பேச வேண்டியிருக்கும்.