பழைய ஃபைபர் படகைச் சீரமைப்பது எப்படி? ஓட்டை, தேய்ந்த ஏரா (படகின் அடிமுதுகு), ஊறிப்போன இன்ஜின் பலகை

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரம் கிடந்த இடங்களில் எல்லாம் ஃபைபர் படகு வந்தது. நிவாரணத்துக்கு ஒரே சமயத்தில் அத்தனை படகுகள் தேவைப்பட்டதால், புதுப்புதுப் பட்டறைகள் முளைத்து அவசர அவசரமாக வார்த்துக் கொடுத்தன. அந்தப் படகுகளுக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. இன்ஜினைக் கழற்றிவிட்டு, மணலில் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். மலிவாகக் கேட்டால் கொடுத்தும்விடுவார்கள். அப்படி ஒரு படகை வாங்கி, ஃபைபர் வேலையைக் கற்றுக்கொண்டே அதைக் கடலில் இறக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பட்டறையில் படகு வார்க்கும்போது ஒரு அடுக்கு முழுதாக இறுகும் முன்பே அடுத்த அடுக்கை வைப்பார்கள். இரண்டும் வேதியியல் முறையில் இணைந்து ஒரே உடம்பாகிவிடும். பழைய படகில் அது நடக்காது. அது எப்போதோ இறுகி முடிந்துவிட்டது. நாம் வைக்கும் புது அடுக்கு அதன்மேல் பசை போல ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். அந்தப் பிடி எவ்வளவு பலமாக இருக்கும் என்பது நீங்கள் எவ்வளவு அகலமாகத் தேய்த்தீர்கள், எவ்வளவு நன்றாகக் காயவிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒட்டுப்போட்ட இடம் பிய்ந்து வந்தால் ரெசினை, அதாவது இழைகளை ஊற வைக்கும் பிசினைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றம் அதற்கு அடியில் இருக்கும்.

தட்டிப் பாருங்கள்

படகை நல்ல தண்ணீரில் கழுவி உப்பு, பாசி, சிப்பி எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கூர்மையாகச் சொல்லும். அடுக்கு பிரிந்த இடமும் உள்ளே தண்ணீர் கோத்த இடமும் 'பொத்' என்று மந்தமாகக் கேட்கும். மந்தமான இடத்தைச் சுற்றி மார்க்கரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

விரிசலையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலக் கிளம்பினால் அது எதிலோ மோதியதால் வந்தது. மூலைகளில் வரிவரியாக இணையாக ஓடினால் அந்த இடம் ஓயாமல் வளைந்து கொடுக்கிறது என்று அர்த்தம். அங்கே மேலே பட்டி தடவுவதில் பயனில்லை. உள்பக்கம் அடுக்கு ஏற்றி விறைப்பாக்கினால்தான் நிற்கும்.

இன்ஜின் மாட்டும் பலகையைத் தனியாகச் சோதியுங்கள். ஃபைபர் மக்காது என்பது உண்மை, ஆனால் அந்தப் பலகைக்குள் இருப்பது பிளைவுட். உள்பக்கமாகக் கீழ்ப்பகுதியில் 5 மி.மீ. டிரில்லால் இரண்டு மூன்று இடத்தில் துளையிட்டு, வெளியே வரும் தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள். வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் பலகை போய்விட்டது. படகை விலை பேசும் முன்பே இந்தச் சோதனையைச் செய்ய அனுமதி கேளுங்கள். பலகை மாற்றுவதுதான் இதில் பெரிய வேலை.

வாங்க வேண்டியவை

பாலியெஸ்டர் ரெசினில் ஜி.பி. (சாதாரண வகை) என்று ஒன்று, ஐசோ (ஐசோப்தாலிக்) என்று ஒன்று கிடைக்கும். ஐசோ விலை கூடுதல், ஆனால் தண்ணீரைத் தாங்கும். படகுக்கு அதையே வாங்குங்கள். மேட் (கலைந்து கிடக்கும் இழைகளின் விரிப்பு) 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), ரோவிங் (நெய்த இழைத் துணி) 600 ஜி.எஸ்.எம். அளவில் எடுத்தால் எல்லா வேலைக்கும் ஆகும். இவற்றுடன் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைப்பது), கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்துவது), ஜெல்கோட் (வெளிப்பக்க நிறப் பூச்சு), அசிட்டோன், மெழுகு, பிரஷ், இரும்பு ரோலர், கிரைண்டருக்கு 36 அல்லது 40 நம்பர் டிஸ்க், ஊசி இல்லாத சிரிஞ்ச், சின்ன டிஜிட்டல் தராசு. சிரிஞ்சும் தராசும் கட்டாயம். கண் அளவில் ஊற்றுவது அனுபவஸ்தர்களுக்கே சில நாள் கைகொடுக்காது.

எபாக்சி என்ற வேறு வகை ரெசினை வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். பழைய ஃபைபரில் எபாக்சி அதிகமாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்சியில் அந்த மேட் சரியாக இளகி ஊறாது. எபாக்சிக்கு மேல் வழக்கமான ஜெல்கோட்டும் ஒழுங்காக நிற்காது. ஆரம்பத்தில் பாலியெஸ்டரிலேயே கை பழகட்டும்.

உயிருக்கு வேண்டிய நான்கு விஷயம்

கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டில்களையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், ஒரே சிரிஞ்சையும் பயன்படுத்தாதீர்கள். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினும் விற்கிறார்கள். கடையில் கேட்டு அதையே வாங்கினால் இந்தக் கவலை பாதி குறையும்.

கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும். பட்டுவிட்டால் அந்த நொடியிலிருந்து குறைந்தது கால் மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஸ்டைரீன் ஆவி சுமார் 31 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். நம் ஊர்ப் பகல் வெயில் அதற்கு மேல்தான் இருக்கிறது. எனவே பக்கத்தில் பீடியோ அடுப்போ வெல்டிங்கோ கூடாது. வேலையைத் திறந்த வெளியில், காற்றோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ரெசின் வேலைக்கு ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும். துணி மாஸ்க் ஸ்டைரீனைத் தடுக்காது.

தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசிக்கு என்95, முழுக்கைச் சட்டை, கையுறை. வேலை முடிந்ததும் வெந்நீரில் குளிக்காதீர்கள், அரிப்பு கூடும். பச்சைத் தண்ணீரில் தேய்க்காமல் வழிய விட்டுக் கழுவுங்கள்.

காய வைத்தல்

உப்பு ஊறிய இடத்தை நல்ல தண்ணீரால் பல முறை அலசி, நிழலும் காற்றும் படும்படி காய விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க வழி இருக்கிறது. சந்தேகமான இடத்தில் ஒரு பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி, ஒரு பகல் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் காய்வதற்கு நல்ல பருவம். ஆனால் விசைப்படகுகள் எல்லாம் அப்போது பழுதுபார்க்கக் கரையேறுவதால் பட்டறை ஆட்கள் கிடைப்பது கஷ்டம், பொருள்களை முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

உள்ளங்கை அளவு ஓட்டை

கற்றுக்கொள்ள இதுவே சரியான இடம். உடல் 6 மி.மீ. தடிமன், ஓட்டை 10 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சுற்றிலும் அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். தேய்த்த பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், மேலிருக்கும் மெழுகையும் எண்ணெயையும் டிஸ்க் கீறல்களுக்குள்ளேயே அழுத்திவிடும். பிய்ந்து தொங்குவதை வெட்டி, ஓட்டையை வட்டமாக்குங்கள். பிறகு படகின் உள்பக்கத்திலிருந்து விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கணக்கு: தடிமன் ஒன்றுக்குச் சரிவு பன்னிரண்டு. 6 மி.மீ. உடலுக்குச் சுற்றிலும் சுமார் 7 செ.மீ. அகலச் சரிவு. அதாவது 10 செ.மீ. ஓட்டைக்கு 24 செ.மீ. வட்டம். நல்ல ஃபைபரை இவ்வளவு தூரம் தேய்க்க மனம் வராது. தேய்க்கத்தான் வேண்டும், ஒட்டு பிடிக்கப்போவது அந்தச் சரிவில்தான். சரியாகத் தேய்த்த சரிவில் பழைய அடுக்குகள் ஒவ்வொன்றும் வளையம் வளையமாகத் தெரியும். எங்காவது பளபளப்பு மிச்சம் இருந்தால் அங்கே இன்னும் டிஸ்க் படவில்லை.

வெளிப்பக்கம் ஒரு சன்மைக்கா துண்டை, பளபளப்பான முகத்தில் மெழுகை நான்கைந்து தடவை பூசி, ஓட்டையை மூடி இறுக்கிக் கட்டுங்கள். அது படகின் வளைவோடு வளைந்து உட்கார்ந்துவிடும். உள்ளிருந்து பார்த்தால் இப்போது ஓட்டைக்கு அடியில் மெழுகு பூசிய தரை. அதில் முதலில் ஜெல்கோட்டை அரை மி.மீ. அளவுக்குப் பூசுங்கள். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் நிறம் வரக்கூடாது. அதுவே அடுத்த அடுக்குக்கான நேரம்.

இதற்கிடையில் மேட், ரோவிங் துண்டுகளைத் தயார் செய்யுங்கள். 450 மேட் ஒன்று ஊறி இறுகினால் ஏறக்குறைய 1 மி.மீ. வரும், 600 ரோவிங் முக்கால் மி.மீ. ஐந்து மேட், இடையே இரண்டு ரோவிங் என்றால் 6 மி.மீ.க்குச் சற்று மேலே வரும். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் பக்கத்தோடு கலந்து மறைந்துவிடும், வெட்டிய ஓரம் படி போல நிற்கும். எந்தத் துண்டு முதலில் என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நான் பெரியதை முதலில் வைக்கச் சொல்வேன். சரிவு முழுவதையும் ஒரே இழைத் துண்டு பிடித்துக்கொள்ளும்.

ரெசினை 200 கிராமுக்கு மேல் ஒரு தடவைக்குக் கலக்காதீர்கள். அதற்குக் கேட்டலிஸ்ட் 2 முதல் 4 மில்லி, அதாவது ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம். நம் வெயிலுக்குக் கீழளவே போதும். சீக்கிரம் இறுகுகிறதே என்று ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் உள்ளே வேகாமல் நின்றுவிடும். அதற்குப் பதில் வேலையை வெயில் ஏறும் முன் காலை நேரத்துக்கு மாற்றுங்கள், பனி ஈரம் காய்ந்த பிறகு. முதலில் ஒரு கப்பில் 50 கிராம் கலந்து எத்தனை நிமிடத்தில் கெட்டியாகிறது என்று பார்த்துக்கொண்டால் பதற்றம் இருக்காது. இந்த ஓட்டைக்கு, சிந்துவதையும் சேர்த்து அரைக் கிலோ ரெசின் தாராளம்.

சரிவில் ரெசினைப் பூசி, முதல் மேட்டை வைத்து, பிரஷால் இழுக்காமல் குத்திக் குத்தி ஊற வையுங்கள். வெள்ளையாக இருந்த மேட் மெல்ல மெல்லக் கண்ணாடி போல ஆகி, அடியிலிருக்கும் நிறம் தெரியத் தொடங்கும். வெள்ளைப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் காற்று. இரும்பு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினால் குமிழி நகர்ந்து ஓரத்தில் வெளியேறும். மேலும் ரெசின் ஊற்றினால் குமிழி போகாது. எடைக்கணக்கில் மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின், ரோவிங்குக்குச் சம அளவு. அதற்கு மேல் தேங்கும் ரெசின் பலம் தராது, பிற்பாடு விரிசல் விடும்.

மூன்று அடுக்கு முடிந்ததும் நிறுத்துங்கள். ரெசின் இறுகும்போது சூடாகும், தடிமனாக ஒரே மூச்சில் வைத்தால் வெந்து விரிசல் விட்டுவிடும். கை வைத்தால் சூடு ஆறியிருக்கும்போது மீதி அடுக்குகளை அன்றைக்கே வைத்து முடியுங்கள். கப்பில் மிஞ்சியதைக் குப்பையில் கொட்டாதீர்கள், அது புகைந்து தீயே பிடிக்கும். மணலில் பரப்பி ஆற விடுங்கள்.

மறுநாள் சன்மைக்காவைக் கழற்றி, விளிம்பைத் தண்ணீர் எமரியில் 220, பிறகு 400 என்று தேய்த்தால் போதும். மீன்பிடிப் படகுக்கு அதற்கு மேல் பாலிஷ் வீண்.

தேய்ந்த ஏரா

தினமும் மணலில் இழுத்து ஏற்றும் படகில் ஏரா ஓரம் முதலில் ஜெல்கோட்டை இழக்கும், பிறகு இழையே வெளியே தெரியும். அந்த இழை வழியாகத் தண்ணீர் நெடுக ஏறும். படகைக் கவிழ்த்து, ஏராவின் இரு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குத் தேய்த்து, காயவிட்டு, மேட், ரோவிங், மேட் என்று ஒவ்வொன்றையும் முந்தையதைவிடச் சற்று அகலம் குறைத்து ஏற்றுங்கள். ரோவிங் கூர்மையான மூலையில் படியாது, தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் முனையை முதலில் உருட்டாகத் தேய்த்துவிடுங்கள். பள்ளம் நிரப்பக் கார் பட்டி வேண்டாம். அதிலுள்ள டால்க் தண்ணீரை உறிஞ்சும். ரெசினில் நறுக்கிய இழையும் ஏரோசிலும் (ரெசினைக் கெட்டியாக்கும் நுண்தூள்) சேர்த்துப் பிசைந்து அடையுங்கள்.

இன்ஜின் பலகை

உள்பக்க ஃபைபர் தோலை, சுற்றிலும் மூன்று விரல் ஓரம் விட்டு வெட்டி எடுங்கள். ஊறிய மரத்தை உளியால் சுரண்டி, வெளித்தோல் தெரியும் வரை சுத்தமாக்கிக் காய வையுங்கள். புதுப் பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் மட்டுமே. வெட்டிய ஓரங்களில் ரெசினைக் குடிக்கக் குடிக்கப் பூசுங்கள். தண்ணீர் நுழைவது அந்த ஓரங்களில்தான். வெளித்தோலுக்கும் பலகைக்கும் நடுவே ரெசினில் ஊறிய ஈர மேட் இரண்டு வைத்து, கிளாம்ப் போட்டு, ஓரமெல்லாம் ரெசின் பிதுங்கும் வரை இறுக்குங்கள். பிதுங்காத இடத்தில் வெற்றிடம் இருக்கிறது. இறுகிய பின் மூலைகளில் அதே இழை கலந்த பட்டியை விரலால் வளைவாகத் தேய்த்து விட்டு, பலகையிலிருந்து படகின் பக்கச் சுவர் வரை 15 செ.மீ. ஏறும்படி மேட்டும் ரோவிங்கும் மாறி மாறிப் போடுங்கள்.

போல்ட் துளை போடும் முறைதான் இந்தப் பலகையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தேவைக்குமேல் பெரிதாகத் துளைத்து, அதை இழை கலந்த ரெசினால் அடைத்து, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். போல்ட் இப்போது ரெசின் குழாய்க்குள் நிற்கிறது, மரத்தைத் தொடாது. சீலண்ட் பூசி, பெரிய வாஷரோடு முறுக்குங்கள்.

உள்பக்கக் கடைசி அடுக்கு காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே இருக்கும். மெழுகுக் கரைசல் கலந்த ரெசினை மேலே ஒரு தடவை பூசினால் அது கெட்டியாகும். பதிவு எண்ணைப் பழைய இடத்திலேயே மறுபடி எழுதி, குறைந்தது ஒரு வாரம் விட்டு இறக்குங்கள். முதல் முறை கரையோரமாகவே ஓட்டித் திரும்பி, இன்ஜின் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, ஒட்டுப்போட்ட இடங்களையெல்லாம் அதே ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக் கேளுங்கள். எங்காவது மந்தமாகக் கேட்டால் அந்த ஒட்டைத் தயங்காமல் பிரித்து மறுபடி தேய்த்துப் போடுங்கள்.