டிரேடிங்கிலிருந்து பிரைவேட் ஈக்விட்டிக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, தொண்டி, மண்டபம் போன்ற ஊர்களிலிருந்து சென்று மும்பையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும், சந்தையில் பங்கு, நாணயம் போன்றவற்றை வாங்கி விற்கும் டிரேடராகப் பணியாற்றும் இளைஞர்களில் சிலர், முதலீட்டாளர்களின் பணத்தை நிதியமாகத் திரட்டி, பெரும்பாலும் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களை வாங்கிப் பின்னர் விற்கும், பிரைவேட் ஈக்விட்டி எனப்படும் தனியார் பங்கு முதலீட்டுத் துறைக்கு மாற விரும்புகின்றனர். இரண்டும் முதலீடுதானே, மாறுவது எளிது என்று எண்ணுவதுதான் அவர்கள் செய்யும் முதல் தவறு. கணிப்பு பிழைத்தால் அன்றே விற்றுவிட்டு வெளியேறலாம் என்பது டிரேடருக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு. பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை வாங்கியவருக்கு அது கிடையாது. நிதியத்தின் ஆயுள் வழக்கமாகப் பத்து ஆண்டுகள் என்பதால், தவறான விலைக்கு வாங்கிய நிறுவனத்தோடு பல ஆண்டுகள் உட்கார்ந்து, அதன் நிர்வாகத்தையும் கடனையும் சீர்செய்ய வேண்டியிருக்கும்.

நேர்முகத் தேர்வில் தம் லாபநட்டக் கணக்கை மட்டுமே முன்வைப்பது இரண்டாவது தவறு. இந்த நிறுவனத்தை என்ன விலைக்கு வாங்குவீர்கள், பிறகு யாரிடம் விற்பீர்கள் என்றுதான் அங்கே கேட்பார்கள்.

மிகுதியானோர் சறுக்குவது கணக்கியலில்தான். மண்டபத்தில் நண்டுச் சதையைப் பதப்படுத்தி அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம் விலைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். டிரேடரின் கண் முதலில் டாலர் மதிப்பையும் சரக்கின் விலையையும் தேடும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது கூலிக்கும் மின்சாரத்துக்கும் வட்டிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, படகு உரிமையாளர்களுக்குக் கொடுத்த முன்பணம் ஏட்டில் எந்தத் தலைப்பில் நிற்கிறது, அதில் இனித் திரும்பாதது எவ்வளவு, உரிமையாளரின் உறவினர் நடத்தும் ஐஸ் கம்பெனிக்குக் கூடுதல் விலை போகிறதா என்பனவே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள். ஏட்டில் லாபம் இருந்தும் கையில் பணம் இல்லாத நிலைக்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் கிடைக்கும். லாபநட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்து, வருங்கால வரவு செலவை மதிப்பிடும் ஒரு கணக்கு மாதிரியைத் தாமே கட்டிப் பார்க்காமல் விண்ணப்பிப்பது வீண். பிரைவேட் லிமிடெட் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்குகளை மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம் என்பதால், ஊரில் தெரிந்த ஒரு தொழிலையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள முடியும்.

காலத்தின் விலையையும் சிலர் மறந்துவிடுகின்றனர். முதலீடு மூன்று ஆண்டுகளில் இரட்டிப்பானால், கூட்டு வட்டிக் கணக்கில் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 26 சதவீதம். ஐந்து ஆண்டுகள் எடுத்தால் 15 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

நிதியம் எந்த அளவுக்குக் கடன் வாங்கலாம் என்பதிலும் குழப்பம் உண்டு. பிரைவேட் ஈக்விட்டி நிதியங்கள் பெரும்பாலும் இடம்பெறும், பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2012 விதிகளின் இரண்டாம் வகை மாற்று முதலீட்டு நிதியங்கள், தற்காலிகத் தேவைக்கு மட்டுமே, அதுவும் 30 நாளுக்கு மேற்படாமல், கடன் வாங்கலாம். மார்ஜினில், அதாவது சிறு முன்பணம் கட்டி அதைவிடப் பெரிய தொகைக்கு வர்த்தகம் செய்து பழகியவர் இதை முன்பே படித்திருப்பது நல்லது.

எல்லா டிரேடருக்கும் தொலைவு ஒன்றல்ல. கடன் பத்திரங்களிலும் நலிந்த நிறுவனங்களின் கடனிலும் வேலை செய்தவர், நிறுவனத்தின் உள்ளே பார்க்க ஏற்கெனவே பழகியிருப்பார். நிஃப்டி போன்ற பங்குக் குறியீட்டின் ஏற்ற இறக்கத்தை வைத்து நடக்கும் ஆப்ஷன் ஒப்பந்தங்களிலோ நாணயத்திலோ இருந்தவர், ஒரு படி கீழிறங்கிய பதவியில் சேரத் தயங்கக்கூடாது என்பது என் கருத்து. சம்பளப் பேச்சில் கேரி என்னும் லாபப் பங்கைக் கையில் வந்த பணமாக எண்ணுவதும் பிழை. முதலீட்டாளருக்கு வழக்கமாக ஆண்டுக்கு 8 சதவீத வருவாய் போன பிறகே, நிதியத்தை நடத்துபவர்களுக்கு லாபத்தில் 20 சதவீதப் பங்கு பிறக்கும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். டிரேடிங்கைப் போல ஆண்டு போனஸை நம்பி வீட்டுக்கடன் வாங்கியவருக்கு இது நெருக்கடியாகும்.

சொந்தக் கணக்கில் வர்த்தகத்தைத் தொடரலாம் என்ற எண்ணத்தோடு சேர்வதும் ஆபத்து. வெளிவராத தகவல்கள் கையில் வரும் வேலை என்பதால் செபியின் 2015 உள்வர்த்தகத் தடை விதிகள் குறுக்கே நிற்கும். பல நிறுவனங்கள் ஊழியர்கள் பங்கு வாங்குவதற்கு முன்அனுமதி கேட்கின்றன. அந்த விதிமுறையைப் பணி நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.