மிச்சக் காசு கொடுக்கமுதல் வயரிங்கைச் சோதித்து வாங்குவது

கொந்தராத்துக்காரர் மிச்சக் காசுக்கு வரும்போது ட்ரிப் சுவிட்ச்சின் (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானை அமத்திக் காட்டுவார். டக்கென்று விழும். சுவிட்ச்சின் உள்வேலை சரி என்பதற்கு மட்டுமே அது சாட்சி. எர்த் இல்லாத வீட்டிலும் அப்படித்தான் விழும்.

யாழ்ப்பாணத்தில் முதலில் பார்க்கவேண்டியது அந்த எர்த்தைத்தான். பல இடங்களில் கொஞ்சச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். 4 அடி எர்த் கம்பி பாதியில் கல்லில் முட்டினால், மிச்சத்தை வெட்டி மூடிவிடுவதும் உண்டு. மாரியில் ஈரம் அதை மறைக்கும், ஆடி ஆவணியில் மண் காய்ந்ததும் தடை ஏறும். ஆகவே எர்த் டெஸ்டரால், முடிந்தால் கோடையில், அளப்பியுங்கள். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச்சுக்குக் கணக்குப்படி 1667 ஓம் வரை போதும் (50 வோல்ட் ÷ 0.03). ஆனால் 200 ஓமைத் தாண்டினால் நம்பவேண்டாம். ஒரு கம்பி நீளத்துக்குக் குறையாத தூரத்தில், ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து, இன்னொரு கம்பி அடித்து இணைக்கவேண்டும்.

அடுத்தது பிளக் வயர். 7/0.67 வயரில் (2.5 சதுர மில்லிமீற்றர்) ரிங் போட்டு, அதாவது போர்டிலிருந்து பிளக்குகளைச் சுற்றி மீண்டும் போர்டுக்கே கொண்டுவந்து, 32 அம்பியர் பிரேக்கர் வைத்திருந்தால், வயரின் இரண்டு நுனியும் போர்டுக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். கரண்டை நிறுத்தி, நுனிகளைக் கழற்றி, லைவ், நியூட்ரல், எர்த் மூன்றையும் தனித்தனியே மல்டிமீற்றரால் பார்ப்பார்கள். எங்காவது அறுந்திருந்தால் முழுச் சுமையும் ஒரே வயரில். பிரேக்கர் விழமுதல் வயர் சூடேறும். திருத்தமுடியாவிட்டால் 20 அம்பியர் பிரேக்கருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் இழுக்க விடாதீர்கள். அனேகமாக நியூட்ரல் எர்த்தில் முட்டியிருக்கும், அல்லது ட்ரிப்புக்கு முந்திய நியூட்ரலோடு கலந்திருக்கும். எல்லாப் பொருட்களையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரில் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) பார்த்தால் 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது. இவையெல்லாம் வேறொரு எலெக்ட்ரீஷியன் செய்யவேண்டிய வேலை. மெயினை நிறுத்தினாலும் மீற்றர்ப் பக்கம் கரண்ட் இருக்கும், நீங்கள் போர்டைத் திறக்கவேண்டாம்.

காசு விஷயம்: பூச்சுக்கு முதல் பைப் ஓடும் சுவரெல்லாம் படமெடுங்கள். கடைசி 10 சதவீதத்தைச் சோதனை முடியும்வரை பிடித்து வைப்பதென்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அறை, குறை, அளவு மூன்றையும் எழுதி, திகதி போட்டு, கொந்தராத்துக்காரரிடம் கையெழுத்து வாங்கி இரண்டு கிழமை தவணை கொடுங்கள். வராவிட்டால் மற்றவரிடம் திருத்தி, பற்றுச்சீட்டோடு அந்தத் தொகையைக் கழியுங்கள். மறுத்தால் அதே கடதாசிகளோடு, பிணக்கைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்குப் போகலாம்.