மஞ்சள் நிறம் பொய் சொன்னபோது: என் அனுபவம்

கன்ஃபெட்டி சுண்டெலியின் (செல்கள் நான்கு நிறங்களில் ஏதோ ஒன்றில் ஒளிரும்படி மரபணு மாற்றப்பட்டது; ஒரு செல்லில் இருந்து பிறப்பவையும் அதே நிறம் பெறும்) மூளை வெட்டில், ஒரே தாய் செல்லில் இருந்து வந்தவை எவை என்று நிறத்தை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். 2007இல் ஹார்வர்டில் ஜெஃப் லிக்ட்மன், ஜோஷுவா சேன்ஸ் குழு வெளியிட்ட பிரெயின்போ என்ற, செல்களுக்குப் பல நிறம் தரும் வழிமுறையில் இருந்து பிறந்ததுதான் இந்த எலி. இதில் பச்சை ஒளிர்வது உட்கருவில், சயான் (நீலப்பச்சை) செல் சவ்வில், மஞ்சளும் சிவப்பும் செல் முழுக்க.

என் படங்களில் மஞ்சள் செல்கள் அளவுக்கு மீறி இருந்தன. இரண்டு வாரம் எண்ணிய பிறகுதான் ஒரு செல்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: உள்ளே இருட்டு, ஓரத்தில் மட்டும் மெல்லிய மஞ்சள் வளையம். உண்மையான மஞ்சள் என்றால் உள்ளேயும் நிரம்பியிருக்க வேண்டுமே! அது சயான்தான். அதன் ஒளி 475 நானோமீட்டரில் உச்சம் தொட்டாலும், வால் 520ஐத் தாண்டி மஞ்சள் சேனலுக்குள் (நுண்ணோக்கி மஞ்சள் ஒளியைப் பதியும் பகுதி) போய்விடுகிறது, நான் வேறு சயானைத் தூண்டும் 458, மஞ்சளைத் தூண்டும் 514 நானோமீட்டர் லேசர் இரண்டையும் ஒன்றாக எரியவிட்டிருந்தேன்.

சரி, வரிக்கு வரி லேசரை மாற்றி, 514 எரியும்போது மட்டும் மஞ்சளைப் பதியும்படி ஸ்கேன் செய்தேன். 514 சயானை ஏறக்குறைய தூண்டுவதே இல்லை, வளையங்கள் மறைந்தன. அப்புறம் சயான் மட்டும் உள்ள வெட்டை அதே அமைப்பில் படமெடுத்தேன், மஞ்சள் சேனல் கறுப்பாகவே இருந்தது. பழைய எண்ணிக்கை முழுவதையும் தள்ளிவிட்டு முதலில் இருந்து எண்ணுகிறேன்.