நூறு மாட்களுடன் மைன்கிராஃப்ட்: விளையாட்டு திடீரென மூடிக்கொள்ளும்போது காரணத்தைத் தேடும் முறை

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் மாட்களை, அதாவது விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்களை, சேர்க்கும் வேலை மும்முரமாகிவிடும். இருபது மாட் வரை தொல்லை பெரும்பாலும் இருக்காது. எண்ணிக்கை நூறைத் தொட்டதும் விளையாட்டு பாதியில் மூடிக்கொள்ளத் தொடங்கும். உடனே பலரும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுகிறார்கள். அது தேவையற்ற வேலை மட்டுமன்று, காரணத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியையும் சேர்த்து அழிக்கும் வேலை. மூடிக்கொள்ளும்போது விளையாட்டு எழுதிவைத்துவிட்டுப் போகும் அறிக்கையைப் படித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் பிடிபட்டுவிடும்.

தேடத் தொடங்குமுன், உங்கள் உலகங்கள் சேமிக்கப்பட்டிருக்கும் ‘சேவ்ஸ்’ கோப்புறையை அப்படியே வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். புதிய கற்களையும் கருவிகளையும் தரும் ஒரு மாட்டை நீக்கிவிட்டு உலகத்தைத் திறந்தால், அந்த மாட் தந்த பொருள்கள் யாவும் உலகத்திலிருந்து மறைந்துவிடும். மாட்டைத் திரும்பச் சேர்த்தாலும் அவை பொதுவாகத் திரும்புவதில்லை. தம்பி மூன்று மாதம் உழைத்துக் கட்டிய கோட்டையில் பாதிச் சுவர் காணாமல் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சோதனை முழுவதும் நகலில்தான் நடக்க வேண்டும்.

அடுத்து, விளையாட்டைத் தொடங்கும் செயலியான லாஞ்சரின் ‘இன்ஸ்டலேஷன்ஸ்’ பக்கத்தில் உங்கள் பதிப்புக்கு நேராக இருக்கும் கோப்புறைப் படத்தைச் சொடுக்கினால் விளையாட்டின் கோப்புறை திறக்கும். அதனுள் ‘கிராஷ்-ரிப்போர்ட்ஸ்’ என்ற கோப்புறையில், மூடிக்கொண்ட நாளையும் நேரத்தையும் பெயராகக் கொண்ட அறிக்கை இருக்கும். அறிக்கை எதுவும் இல்லையென்றால் ‘லாக்ஸ்’ கோப்புறையில் உள்ள ‘லேட்டஸ்ட்’ பதிவுக் கோப்பைப் பாருங்கள். விளையாட்டை மறுபடி தொடங்கினால் அந்தக் கோப்பு புதிதாக எழுதப்பட்டு, பழையது சுருக்கப்பட்ட கோப்பாக ஒதுங்கிவிடும் என்பதால், தொடங்குமுன் அதையும் நகலெடுத்துக்கொள்வது நல்லது.

அறிக்கையின் தலையில் ஒரு கேலி வாக்கியம் இருக்கும். அது விளையாட்டை உருவாக்கியவர்களின் குறும்பு, அதைப் பொருட்படுத்த வேண்டாம். அதன் கீழே ‘டிஸ்கிரிப்ஷன்’ என்று தொடங்கும் வரி, எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது விளையாட்டு விழுந்தது என்பதைச் சொல்லும். அதையடுத்துப் பிழையின் பெயரும், ‘அட்’ என்று தொடங்கும் நீண்ட வரிசையும் வரும். புதியவர்கள் இங்கேதான் மிரண்டு கோப்பை மூடிவிடுகிறார்கள். அந்த வரிசை முழுவதையும் படிக்கத் தேவையில்லை. ‘காஸ்டு பை’ என்ற சொற்களைத் தேடிக்கொண்டே கீழே செல்லுங்கள். அவை பல முறை வந்தால் கடைசியாக வருவதே பொதுவாக மூலக் காரணம். அதற்குக் கீழுள்ள முதல் சில வரிகளில் மைன்கிராஃப்டுக்கோ அது இயங்கும் தளமான ஜாவாவுக்கோ சொந்தமில்லாத பெயர் ஒன்று தென்படும். பெரும்பாலும் அதுவே மாட்டின் பெயராகவோ அதன் சுருக்கமாகவோ இருக்கும்.

ஆனால் பெயர் வந்த மாட்டையே குற்றவாளி என்று உடனே முடிவுகட்டக் கூடாது. ஒரு மாட் தவறான தகவலைக் கொடுக்க, அதை வாங்கிக்கொண்ட மற்றொரு மாட் விழுந்திருக்கலாம். அறிக்கையில் விழுந்ததன் பெயர்தான் முன்னால் நிற்கும். பிழையில் ‘மிக்ஸின்’ என்ற சொல் இருந்தால், விளையாட்டின் மூல நிரலில் ஒரு மாட் செய்ய முயன்ற மாற்றம் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். அது பதிப்பு மாறிப்போனதாலோ, அதே இடத்தை வேறொரு மாட்டும் மாற்ற முயன்றதாலோ நேர்ந்திருக்கும்.

‘டிக்கிங் பிளாக் என்டிட்டி’ அல்லது ‘டிக்கிங் என்டிட்டி’ என்று டிஸ்கிரிப்ஷன் வரி சொன்னால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். எந்தப் பொருள் அல்லது உயிரி பழுதானது, உலகத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அறிக்கையின் கீழ்ப்பகுதியில் எண்களோடு தரப்பட்டிருக்கும். உலகத்துக்குள் நுழைந்த மறுகணமே விளையாட்டு விழுவதால் அந்த இடத்துக்குப் போய் அதை அகற்ற முடியாத நிலையில், ஃபோர்ஜ் (ஃபேப்ரிக்கைப் போல, மாட்களை விளையாட்டில் ஏற்றும் லோடர்) பயன்படுத்துவோர் அதன் சர்வர் அமைப்புக் கோப்பில் பழுதானவற்றைத் தானாக நீக்கும் தேர்வை இயக்கி, ஒருமுறை உலகத்தைத் திறந்து, உடனே அதைப் பழைய நிலைக்கே மாற்றிவிட வேண்டும். மாற்ற மறந்தால், நல்ல இயந்திரங்களும் சிறு பிழைக்காகச் சத்தமின்றி மறையும்.

முதன்மைத் திரை வருமுன்பே மூடிக்கொண்டால் காரணம் பெரும்பாலும் எளியது. தேவையான துணை மாட் இல்லாமலிருக்கும், ஒரே மாட் இரண்டு பதிப்புகளில் கிடக்கும், அல்லது ஃபேப்ரிக்குக்காக எழுதப்பட்டதை ஃபோர்ஜில் போட்டிருப்பீர்கள். ஜாவாவின் பதிப்பையும் பாருங்கள்: மைன்கிராஃப்ட் 1.16.5 வரைக்கும் ஜாவா 8, 1.18 முதல் 1.20.4 வரைக்கும் ஜாவா 17, 1.20.5 முதல் 1.21.11 வரைக்கும் ஜாவா 21 வேண்டும். அதிகாரபூர்வ லாஞ்சர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். வேறு லாஞ்சர் வைத்திருப்பவர்களும் சொந்தமாகச் சர்வர் நடத்துபவர்களும்தான் கவனிக்க வேண்டும்.

‘அவுட்ஆஃப்மெமரிஎரர்’ என்று வந்தால் நினைவகம் போதவில்லை. லாஞ்சர் வழக்கமாகக் குறைந்த அளவே ஒதுக்குகிறது. நூறு மாட்களுக்கு அது போதாது. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் 6 முதல் 8 ஜிபி வரை ஒதுக்கலாம். பன்னிரண்டு, பதினான்கு என்று அள்ளிக் கொடுத்தால் விண்டோஸ் திணறும் என்பதோடு, பயன்பாடு முடிந்த தகவல்களை நினைவகத்திலிருந்து அகற்றும் ‘குப்பை நீக்கும்’ வேலைக்காக ஜாவா அவ்வப்போது நின்று நின்று ஓடவும் கூடும். மடிக்கணினியில் மொத்தமே 8 ஜிபிதான் என்றால் 4 ஜிபிக்கு மேல் கொடுக்காதீர்கள். சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்க் கூடுதல் ரேம் வாங்குவதைவிட, தேவையற்ற பத்து மாட்களைக் கழிப்பதே முதலில் செய்ய வேண்டியது என்பது என் கருத்து.

சில வேளைகளில் வழக்கமான அறிக்கை வராமல் ‘எச்எஸ்_எர்_பிஐடி’ என்று தொடங்கும் கோப்பு மட்டும் உருவாகியிருக்கும். ஜாவாவுக்கும் கீழேயுள்ள அடுக்கில் பழுது என்பதற்கு அது அடையாளம். அதில் ‘பிராப்ளமாடிக் ஃபிரேம்’ என்ற வரிக்குக் கீழே கிராஃபிக்ஸ் டிரைவரின் (திரைக்காட்சிக்கான வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கோப்புப் பெயர் இருந்தால், மாட்களைத் தொடுமுன் டிரைவரைப் புதுப்பியுங்கள். எந்தக் கோப்பும் உருவாகாமல் கணினியே அணைந்துபோனால் அது மாட்டின் பிழை ஆகாது. பிற்பகல் புழுக்கத்தில், குளிர்சாதனம் இல்லாத அறையில், மெத்தைமேல் வைத்து ஓட்டப்படும் மடிக்கணினியின் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இவை எதிலும் விடை கிடைக்காதபோதுதான் பாதி பாதியாகப் பிரித்துத் தேட வேண்டும். ‘மாட்ஸ்’ கோப்புறையிலிருந்து பாதியை வேறிடத்துக்கு மாற்றி விளையாட்டைத் தொடங்குங்கள். விழுந்தால் குற்றவாளி உள்ளே இருக்கிறது. விழாவிட்டால் வெளியே எடுத்ததில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். 120 மாட்கள் இருந்தாலும் ஏழு சுற்றுக்குள் ஒன்றில் வந்து நிற்கும். ஃபேப்ரிக் ஏபிஐ போன்ற துணை மாட்களை மட்டும் எப்போதும் உள்ளேயே விட்டுவையுங்கள். அவற்றை எடுத்தால் அவற்றை நம்பியிருக்கும் மற்றவையும் விழுந்து தேடலையே குழப்பிவிடும்.

இரண்டு பாதிகளும் தனித்தனியே நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் விழுகின்றனவா? அப்படியானால் சண்டை இரண்டு மாட்களுக்கு இடையில். முதல் பாதியை முழுமையாக வைத்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் பிரித்துத் தேடி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த ஒன்றை நிலையாக வைத்து முதல் பாதியைப் பிரியுங்கள். ஆப்டிஃபைனையும் சோடியத்தையும் ஒன்றாகப் போட்டவர்களுக்கு இந்தச் சிரமமே தேவையில்லை: இரண்டும் காட்சி வரையும் பகுதியையே தத்தம் வழியில் மாற்றுபவை, ஏதேனும் ஒன்றுதான் இருக்க முடியும்.

தெம்பனிஸில் ஒருவரும் ஜூரோங்கில் ஒருவருமாகச் சேர்ந்து ஆடச் சொந்தச் சர்வர் அமைப்பவர்கள், தங்கள் கணினியில் உள்ள மாட்கள் அனைத்தையும் சர்வரிலும் கொட்டிவிடுகிறார்கள். காட்சியையும் திரைப் பட்டியல்களையும் மட்டும் மாற்றும் மாட்கள் சில சர்வரில் ஓடவே ஓடா. ‘இன்வேலிட் டிஸ்ட் டெடிகேட்டட் சர்வர்’ என்ற சொற்கள் அறிக்கையில் இருந்தால், அங்கே பெயர் வரும் மாட்டைச் சர்வரிலிருந்து மட்டும் நீக்கினால் போதும்.

மாட்டை எழுதியவரிடமே உதவி கேட்பதாக இருந்தால் திரையைப் படம் பிடித்து அனுப்பாமல், அறிக்கை முழுவதையும், விளையாட்டு, மாட், லோடர் ஆகியவற்றின் பதிப்பு எண்களையும் அனுப்புங்கள். பதிவுக் கோப்பில் கோப்புறைகளின் பாதையோடு உங்கள் விண்டோஸ் பயனர் பெயரும் வந்திருக்கும். அதை அழித்துவிட்டு அனுப்புங்கள்.