பழைய சரித்திர நாவல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டில் சாண்டில்யனின் 'கடல் புறா' இரண்டு பாகம்தான் இருந்தது. மூன்றாவதை யாரோ இரவல் வாங்கிப் போனார்கள், திரும்பி வரவில்லை. இளையபல்லவன் என்ன ஆனான், காஞ்சனாதேவி என்ன ஆனாள், மஞ்சளழகி என்ன ஆனாள் என்று தெரியாமலே நான் பள்ளிக்கூடம் முடித்தேன். கல்லூரிக்குப் போன முதல் வருடம் கைக்காசில் வாங்கிய முதல் புத்தகம் அந்த மூன்றாம் பாகம். கதை முடிந்தது, மனசு நிறையவில்லை. அட்டை வேறு, அளவு வேறு, எழுத்து வேறு. அம்மா படித்த புத்தகத்தோடு அது சேரவே இல்லை.

அன்றைக்குப் புரிந்தது, நான் தேடியது கதையை மட்டும் அல்ல, ஒரு குறிப்பிட்ட பதிப்பை. தேட ஆரம்பிக்கும் எல்லாரும் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது இதுதான்.

1. எது வேண்டும் என்று எழுதி வையுங்கள்

சின்ன நோட்டு ஒன்று போதும். நாவலின் பெயர், எத்தனை பாகம், எந்தப் பதிப்பகம், அட்டையில் என்ன படம், உள்ளே ஓவியம் உண்டா, ஏறக்குறைய எந்த வருடம். நினைவில் இருப்பதை எழுதுங்கள், மற்றதை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். "பச்சை அட்டை, குதிரை மேல ஒருத்தன்" என்று அத்தை சொல்வதுகூட உதவும். படித்தால் போதும் என்பவருக்குப் புதிய மறுபதிப்பே நல்லது. காகிதம் உறுதியாக இருக்கும், பயமில்லாமல் படிக்கலாம். பழைய பிரதிதான் வேண்டும் என்றால் பொறுமை வேண்டும்.

2. இப்போது அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள்

இங்கே பதிப்புரிமைச் சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கல்கி 1954-இல் மறைந்தார். அந்த 60 ஆண்டு முடியும் முன்பே அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன, அதாவது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால்தான் 'பொன்னியின் செல்வன்' எந்தக் கடைக்குப் போனாலும் பல பதிப்பகங்களின் பெயரில் கிடைக்கிறது. அங்கே பிரச்சினை கிடைப்பதில் இல்லை, நல்ல பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான்.

சாண்டில்யன் 1987-இல் மறைந்தார். அந்த உரிமைக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. வானதி பதிப்பகம் அவர் நாவல்களை வெளியிட்டு வருவதால், பழைய புத்தகக் கடைக்கு அலையும் முன் அங்கே கேட்டுவிடுங்கள். ஜெகசிற்பியன், அரு. ராமநாதன் போன்றவர்களின் நாவல்கள் சில வருடம் கிடைக்கும், சில வருடம் கிடைக்காது. கண்ணில் பட்ட அன்றே வாங்கிவிட வேண்டிய வகை அவை.

"அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அவரிடம் இல்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள். பதிப்பகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். கிடங்கில் நாலு பிரதி தூங்கிக்கொண்டிருக்கும்.

3. முழு நாவலா, சுருக்கமா?

புதிதாக வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. மாத நாவலாக வந்த பிரதிகளிலும் மலிவுப் பதிப்புகளிலும் சுருக்கியவை உண்டு. அட்டையில் அதைப் பெரிதாகப் போட மாட்டார்கள். அத்தியாயத்தை எண்ணிவிடுங்கள். 'பொன்னியின் செல்வன்' என்றால் புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91, ஆக 293. கடைசியில் கல்கியின் முடிவுரையும் இருக்க வேண்டும். மற்ற நாவல்களுக்கு, நூலகப் பிரதி ஒன்றைப் பார்த்து அத்தியாய எண்ணிக்கையை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடுவில் மூன்று இடத்தில் புரட்டி ஒவ்வொரு பக்கம் படித்துப் பாருங்கள். புதிதாகக் கணினியில் கோத்த பதிப்புகளில் எழுத்துப்பிழை மலிந்தவை இருக்கின்றன. வந்தியத்தேவன் பேசும் இடத்தில் ஒற்றுப்பிழை வந்து நின்றால் எனக்கு அந்தப் பக்கமே கசந்துவிடும்.

4. வயதைக் கண்டுபிடிப்பது

தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம் பாருங்கள். முதற்பதிப்பு எப்போது, இது எத்தனையாவது பதிப்பு என்று இருக்கும். அந்தப் பக்கம் கிழிந்து போயிருந்தால் எழுத்தைப் பாருங்கள். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் லை, னை, ணை, ளை எல்லாம் யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் துணைக்கால் தனியாக நிற்காமல் சுழித்து ஒட்டியிருக்கும்.

ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்து ஆப்செட்டில் போட்ட மறு அச்சிலும் பழைய எழுத்தே இருக்கும். பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவுங்கள். ஈய எழுத்தை அழுத்தி அடித்த தாளில் லேசான மேடுபள்ளம் கைக்குத் தட்டுப்படும். ஆப்செட் தாள் வழவழவென்று இருக்கும். படமெடுத்த மறு அச்சை நான் குறையாக நினைப்பதில்லை. புதிய பிழை எதுவும் அதில் நுழைந்திருக்காது.

5. எங்கே தேடுவது

சென்னைக்காரர்கள் திருவல்லிக்கேணி பாரதி சாலையிலும் மயிலாப்பூர் லஸ் பக்கமும் தொடங்கலாம். கோவையில் உக்கடம். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது பதிப்பக அரங்குகளில் "அட்டை அழுக்கான பழைய ஸ்டாக் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் பழைய பேப்பர் கடையில் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். ஒரு வீட்டைக் காலி செய்யும்போது தாத்தாவின் அலமாரி முழுவதும் அங்கேதான் வந்து சேர்கிறது. நினைத்தாலே வயிறு எரிகிறது, ஆனால் நமக்குக் கிடைக்கும் வழியும் அதுதான்.

மூடிப்போன வாடகை நூலகப் பிரதிகளை ஒதுக்காதீர்கள். முத்திரை குத்தியிருக்கும், ஓரம் தேய்ந்திருக்கும், ஆனால் பைண்டிங் பலமாக இருக்கும். ஒற்றைப் பாகம் கிடைத்தாலும் எடுத்துவிடுங்கள். ஜோடி பிறகு வரும்.

6. பைண்டு செய்த தொடர்கள்

எனக்கு உயிரான பகுதி இது. கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது, மணியத்தின் ஓவியத்தோடு. சாண்டில்யன் தொடர்களுக்குக் குமுதத்தில் லதா வரைந்தார். அந்தக் காலத்து வீடுகளில் தொடர்ப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோத் துணி ஒட்டிய அட்டை போட்டு வைப்பார்கள். பின்னால் வந்த புத்தகப் பதிப்புகள் பலவற்றில் ஓவியங்கள் இல்லை, இருந்தாலும் குறைவு. குந்தவையை மணியத்தின் கோட்டில் பார்த்தவர்களுக்கு வேறு முகம் ஒட்டாது.

வாங்கும் முன் பொறுமையாக அத்தியாய எண்களை வரிசையாகப் பாருங்கள். ஒரு வாரம் இரண்டு வாரம் விட்டுப்போயிருப்பது சகஜம். பைண்டர் ஓரத்தை வெட்டியதில் வரிகள் போயிருக்கின்றனவா, உள்மடிப்பில் எழுத்து மறைகிறதா என்றும் பாருங்கள். பின்பக்கத்தில் சோப்பு விளம்பரமும் சினிமாத் துணுக்கும் இருந்தால் சந்தோஷப்படுங்கள், அம்மா அந்தக் கதையைப் படித்த வாரம் அப்படியே கையில் இருக்கிறது.

7. நூலகமும் இணையமும்

எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் புத்தகம் அனுப்ப வேண்டும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் பேர்போனது. நீங்கள் தேடும் பதிப்பு உண்மையில் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க இந்த இரண்டு இடமும் உதவும். நாட்டுடைமையான நூல்கள் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே இருக்கின்றன. உரிமை இருக்கும் நாவலைத் திருட்டுப் பி.டி.எஃப்.-ஆக இறக்காதீர்கள். விற்காத புத்தகத்துக்கு மறுபதிப்பு வராது.

8. வீட்டுக்கு வந்ததும்

நேராக அலமாரியில் வைக்க வேண்டாம். ஒரு வாரம் தனியாக வைத்து, பக்கம் பக்கமாகத் தட்டி, இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. சில வருடத்தில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். அலமாரியில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து போடுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மறுபடி பைண்டு செய்யக் கொடுத்தால், "ஓரம் கட்டிங் வேண்டாம், பழைய அட்டையை உள்ளே சேர்த்துத் தையுங்கள்" என்று சொல்லி, அதையே ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள்ளும் வைத்துவிடுங்கள். சொன்னது கடையில் இன்னொரு கைக்கு மாறும்போது மறந்துபோகும்.

அம்மாவின் இரண்டு பாகங்களோடு சேரும் மூன்றாம் பாகம் எனக்குப் பதினோரு வருடம் கழித்துக் கிடைத்தது, ஒரு வாடகை நூலகத்தின் ஊதா முத்திரையோடு. கடைசிப் பக்கத்தில் யாரோ பென்சிலில் "அருமை" என்று எழுதியிருந்தார்கள். அதை அழிக்காமல் அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன்.